ஒரு நாணயம் நுழையும் சந்து

ஊரில் பாதி வீடுகளுக்குக் கதவு மாட்டிய தச்சருக்கு ஒரே ஒரு கொள்கைதான். கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு நாணயம் நுழையச் சந்து வேண்டும். மழையில் மரம் உப்பினாலும் கதவு இறுகாது. ஓய்வு நேரத்தில் அவர் செய்து ரிமோட்டில் பறக்கவிட்ட சின்ன விமானங்களையும் அந்தக் கொள்கை விட்டுவைக்கவில்லை. இறக்கையின் பின்னோரத்தில் கீலில் ஆடும் பலகைக்கும் தாராளமாக நாணயச் சந்து விட்டார்.

மூன்று விமானங்கள் போய்ச் சேர்ந்தன. வேகமாகக் கீழே இறங்கும்போது பலகை படபடவென்று அடித்துக்கொள்ளும். அடுத்த நொடி இறக்கை பிய்ந்து மைதானமெல்லாம் குப்பை. முதல் தடவை பசை மேல் பழி, இரண்டாம் தடவை காற்றின் மேல், மூன்றாம் தடவை மனைவி தும்மியதன் மேல்.

நான்காவது விமானத்தோடு மைதானத்துக்கு வந்தபோது மனைவி சொன்னாள்: "இறக்கை பிய்யறதுக்கு முன்னாடி படபடன்னு அடிக்குதே, காத்தடிச்சா நம்ம வீட்டுக் கதவு போடுற அதே சத்தம்ங்க அது. பதினெட்டு வருஷமா சந்துல பேப்பரை மடிச்சுச் சொருகிட்டு இருக்கேன்."

"விமானத்தைப் பத்தி உனக்கு என்னடி தெரியும்?"

அவர் பேட்டரி எடுக்கத் திரும்பியதும், பலகை ஆடுவதற்குத் தடையில்லாமல் சந்து நெடுக மெல்லிய டேப்பை ஒட்டிவிட்டாள்.

விமானம் அம்பாக இறங்கியது. ஒரு முனகல் இல்லை. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். தரையிறங்கியதைத் தூக்கிப் பார்த்த தச்சர் டேப்பைக் கண்டார், தொண்டையைச் செருமினார்.

"சந்தை அடைக்கணும்னு நான் அப்பவே சொன்னேனே!"

மனைவி டேப் சுருளை விரலில் மாட்டிச் சுழற்றினாள்.

"இன்னும் ஒண்ணு அடைக்கப் பாக்கி இருக்கு," என்றாள், அவர் வாயையே பார்த்தபடி.