சொல்வழி கேட்காத வோக்மன்

சண்டைக்காலத்தில் மட்டக்களப்பு நகரத்தில் ஒரு பாட்டுக்கடையில் வேலை செய்தேன். ஒருநாள் வாவிக்கு அக்கரையிலிருந்து தோணியேறி ஒரு வயற்காரர் வந்தார். இடுப்பில் கட்டிய சாரம் முழங்கால் வரை நனைந்திருந்தது. காதில் மாட்டிப் பாட்டுக் கேட்கும் அவருடைய வோக்மன் செத்துவிட்டதாம், இன்னொன்று வேண்டுமாம்.

மூன்றை எடுத்து வைத்தேன். மடியிலிருந்து தன் கசெற்றை எடுத்துப் போட்டு, காதில் மாட்டியதும் அவருடைய வலக்கை தானாக அந்தரத்தில் வட்டம் போடத் தொடங்கியது. தாளம் போடுகிறார் என்று நினைத்தேன். மூன்றையும் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன தம்பி, இந்தப் பாட்டுக்காரனுக்கு இவ்வளவு அவசரம்? பின்னால ஆரும் துரத்துறானுகளா?"

"இல்ல அண்ணன், புதுப் பற்றரி. இதுதான் சரியான வேகம்."

"பற்றரியா? அத எங்கட பக்கம் கொண்டுபோக சென்றியில ஆமிக்காரனுகள் விடமாட்டானுகளே. நான் சைக்கிளத் தலகீழாக் கவுத்து வெச்சி, கையால பெடலச் சுத்தித்தான் டைனமோவில பாட்டுக் கேக்கிற."

அந்தரத்தில் சுற்றிய கை எனக்கு அப்போதுதான் விளங்கியது. கடைசியாக ஒருதடவை மாட்டிப் பார்த்தார். சுற்றிய கையை மெல்ல மெல்லக் குறைத்தார். பிறகு அப்படியே நிறுத்தினார். பாட்டு நிற்கவில்லை. அவசரமாகக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இது வேணாம் மனே. சொல்வழி கேக்குதில்ல."

பழுதென்று நாங்கள் மூலையில் ஒதுக்கியிருந்த, இழுத்திழுத்துப் பாடும் ஒன்றைத்தான் கடைசியில் சந்தோசமாக வாங்கிப் போனார்.

அவர் கொண்டுவந்த அதே கசெற் எங்கள் கடையிலும் இருந்தது; அவர் போனபிறகு நான் அதைப் போட்டுக் கேட்டேன். பாட்டுக்காரன் கொஞ்சம் அவசரப்படத்தான் செய்தான்.