டிபன் பாக்ஸில் சப்பாத்தி மாவு

கண்காட்சிக்குப் போகிறவர்கள் பர்ஸை எடுத்துக்கொண்டு போவார்கள். போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி விஜயா, டிபன் பாக்ஸில் சப்பாத்தி மாவை எடுத்துக்கொண்டு வந்தாள்!

காரணம் இருக்கிறது. எனக்குச் சர்க்கரை. ராத்திரியில் சப்பாத்திதான் என்று ஒரு டாக்டர். அவளுக்கு வலது மணிக்கட்டில் வீக்கம். சப்பாத்திக் கட்டையைத் தொடவே கூடாது என்று இன்னொரு டாக்டர். இருவரும் ஒரே சமையலறைக்குத்தான் உத்தரவு போட்டிருக்கிறார்கள் என்பது இருவருக்கும் தெரியாது.

இந்த நேரம் பார்த்து ஊரெல்லாம் ரொட்டி மேக்கர் பேச்சு. போன வருஷம் மைக்ரோவேவ்... இந்த வருஷம் இது. மூலக்குளத்தில் எங்கள் எதிர் வீட்டுக்கே வந்துவிட்டது. லாஸ்பேட்டையில் வீட்டு உபயோகப் பொருள் கண்காட்சி என்றதும் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டேன்.

ஸ்டாலில் டை கட்டிய இளைஞர். மாவு உருண்டையை வைக்கிறார், மூடியை அமுக்குகிறார், திறக்கிறார், திருப்பிப் போடுகிறார் — பந்து மாதிரி உப்பி எழுகிறது! கூட்டம் வாயைப் பிளந்தது. நானும்தான். கை தானாகப் பர்ஸுக்குப் போய்விட்டது.

விஜயா ரொட்டியைப் பார்க்கவில்லை. அவர் மாவு எடுத்த டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மாவுல உப்பத்தான் செய்யும் தம்பி. எங்க வூட்டு மாவுல போட்டுக் காட்டுங்க."

இளைஞர் சிரித்துக்கொண்டே போட்டார். ரொட்டி ஓரத்தில் பிதுங்கி, நடுவில் கிழிந்தது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"மாவு கெட்டியா இருக்கு மேடம். இன்னும் கொஞ்சம் தளர்வா இருக்கணும்." தண்ணீர் தெளித்துப் பிசைந்தார். "இப்ப நீங்களே அமுக்கிப் பாருங்க. லேசா ஒரு அமுக்கு, அவ்ளோதான்."

அமுக்கினாள். மறுநொடி, "ஸ்ஸ்..." என்று கையை உதறினாள். கைப்பிடியை அழுத்துவதற்கும் அதே மணிக்கட்டுதானே வேண்டும்!

"சரி, கெளம்பலாம்" என்றேன். குரலில் ஏமாற்றத்தை மறைக்க முடியவில்லை.

"எங்க கெளம்பறது? என் கைதான வலிக்குது. உங்க கைக்கு என்ன வந்துச்சு?"

கூட்டம் சிரித்தது. பக்கத்தில் நின்ற, பிரெஞ்சு அரசாங்கத்தின் பென்ஷன் வாங்கும் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், "அமுக்குங்க சார், பாத்துடலாம்!" என்று ஏற்றிவிட்டார்.

அமுக்கினேன். திறந்தேன். திருப்பிப் போட்டேன். ஒரு கொப்புளம்... பக்கத்தில் இன்னொன்று... இரண்டும் சேர்ந்து, மொத்த ரொட்டியும் மேலே எழுந்தது! என் கையால், எங்கள் வீட்டு மாவில்!

"பிராவோ!" என்றார் பென்ஷன்காரர். யாரும் கேட்காமலே அடுத்த உருண்டையை எடுத்தேன்.

"பில் போடுங்க தம்பி" என்றாள் விஜயா. "வாரண்டி கார்டுல இவரு பேரையே எழுதிடுங்க."

பொருள் வாங்கும்போது எத்தனை கேள்வி கேட்கிறோம்! கரன்ட் எவ்வளவு இழுக்கும், ரிப்பேர் ஆனால் யார் பார்ப்பார்கள்... யார் கை இதை இயக்கப்போகிறது என்று கேட்கிறோமா?

இப்போது தினமும் ராத்திரி சப்பாத்தி போடுவது நான்தான். மூடியைத் திறக்கும்போதெல்லாம் அதே பரபரப்பு. இதற்குள் மாவு பிசைகிற மெஷினும் வந்துவிட்டதாம். விளம்பரத்தை ஆசையோடு விஜயாவிடம் நீட்டினேன்.

"அது எதுக்கு? அதான் நீங்க இருக்கீங்களே!"