மூன்று பிள்ளைகள், ஒரே சுவர்

பார்க் சுவரில் ஸ்பிரே பெயின்ட் அடித்துப் பிடிபட்ட மூன்று பதினைந்து வயதுப் பிள்ளைகளில் என் மகனும் ஒருவன். மூவருக்கும் இதுதான் முதல் தரம். இன்று பொலிஸ் ஸ்டேஷனில் முடிவு சொன்னார்கள்.

வெள்ளைக்காரப் பிள்ளை ஒலிவருக்கு வாயால் புத்திமதி. ஐந்து நிமிடத்தில் வீட்டுக்குப் போய்விட்டான். என் மகனுக்கு எழுத்தில் எச்சரிக்கை. கறுப்பினப் பிள்ளை ஜெரோமுக்குக் கோர்ட்.

உண்மையைச் சொல்கிறேன். மகனுக்குக் கோர்ட் இல்லை என்றதும் எனக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. பிறகுதான் ஜெரோமின் தாய் கோர்ட் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைக் கண்டேன்.

வீடு திரும்பும் வழியில், லண்டன் ஈஸ்ட் ஹாம் பஸ்ஸில் மகன் கேட்டான்:

"அம்மா, பெயின்ட் கொண்டு வந்தது ஒலிவர். ஜெரோம் கடைசியாத்தான் வந்தவன். நான் திரும்பிப் போய்ச் சொல்லட்டோ?"

"உனக்கேன் தேவையில்லாத வேலை? பேசாமல் இரு."

"அவன்ர அம்மாவுக்கு முன்னாலயும் இப்பிடிச் சொல்லுவீங்களோ?"

வீட்டுக்கு வந்து இரண்டு மணித்தியாலம் ஆகிறது. இருக்கவும் முடியவில்லை, சமைக்கவும் முடியவில்லை. ஜெரோமின் தாயை அழைக்கப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். மகன் சப்பாத்தைக் கழற்றாமல் கதவடியில் நிற்கிறான்.

'முதலில் பிள்ளையைக் காப்பாற்று' என்று இந்தப் பதிவின் கீழே எழுத வருகிறவர்கள், எந்தப் பிள்ளையை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.