இரண்டு பானை வைனெல்

பயற்றைத் தட்டில் பரப்பிக் கல் பொறுக்கும்போது வைனெல் ஸ்ட்ரௌட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவாள். "கண்ணு பொய் சொல்லும், விரல் சொல்லாது" என்பாள். பழுப்புப் புள்ளி போட்ட பின்டோ பயறுகள் நாலைந்தாக விரலடியில் உருண்டு கிண்ணத்தில் விழும். கல் அகப்பட்டால் கொல்லைக் கதவைத் திறந்து வேலிக்கு அப்பால் வீசுவாள். வேலிக்கு அப்பால் இருப்பது என் தக்காளிப் பாத்தி. ஏன் இங்கே வீசுகிறாய் என்று ஒன்பது வருஷமாகக் கேட்டுவிட்டேன். "உன் மண்ணுக்குப் பிடிப்பு வேணும்ல?" என்பதுதான் பதில்.

வேலை, கால்நடைத் தீவனக் கடையில். மூட்டையை பூட்ஸ் முனையால் ஓர் உதை விட்டால் எடை சொல்லிவிடுவாள். பண்ணைக்காரர்கள் தராசை நம்புவதைவிட அந்த உதையை நம்புகிறார்கள். வயது அறுபத்தொன்று. பிறந்தது டெக்சாஸின் எல்லையான ரெட் ஆற்றுக்கு வடக்கே, ஓக்லஹோமாவில். எங்கள் ஊரிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் ஆற்றைத் தாண்டி வந்து டெக்சாஸ்காரரைக் கட்டிக்கொண்டவள் அவள். இருபத்திரண்டு வருஷம் ஆகியும் ஊர் அதை மறக்கவில்லை. அவளும் மறக்க விடவில்லை. காரணம், அந்தப் பயறு.

எங்கள் பக்கத்தில் சில்லி என்கிற கறிக் குழம்பு என்றால் மாட்டிறைச்சி, மிளகாய், சீரகம். அவ்வளவுதான். அதில் பயறு போடுகிறவனைப் பார்த்துத் தேவாலயத்தில்கூடத் தள்ளி உட்காருவார்கள். அவள் பிறந்த வீட்டில் பயறு போடாத சில்லியே கிடையாது. அதனால் வைனெலின் அடுப்பில் எப்போதும் இரண்டு பானை. முன் அடுப்பில் பெரியது, கணவர் கார்லண்டுக்கும் அவர் வம்சத்துக்கும். பின் அடுப்பில் சின்னது, அவளுக்கும் எனக்கும். கார்லண்டைக் கேட்டால் "என்னை நடுவுல இழுக்காதீங்க" என்று செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடிப்பார்.

நவம்பரில் முதல் வடகாற்று அடிக்கிற சனிக்கிழமை அவளுக்குத் திருவிழா. விடிந்ததும் கறி நறுக்கத் தொடங்கிவிடுவாள், கட்டைவிரல் நகம் அளவுக்கு. கைமாக் கறி ஆகாது. "அதெல்லாம் பல்லு இல்லாதவங்களுக்கு." கொழுப்பை உருக்கி ஒரு பிடி ஒரு பிடியாகத்தான் போட்டுச் சிவக்க வைப்பாள். நான் அவசரப்பட்டு மொத்தத்தையும் கொட்டப் போனால் கையைத் தட்டிவிடுவாள். "கறிக்கு இடம் விடு! கூட்டம் சேர்ந்தா வேர்த்து வழியும், செவக்காது." காய்ந்த மிளகாயை வெறும் சட்டியில் வாட்டி, விதை உதிர்த்து, வெந்நீரில் ஊறவைத்து அரைப்பாள். அந்த மணத்துக்குத் தபால்காரி எங்கள் தெருவில் வண்டியை மெதுவாக்குவாள். மூன்று மணி நேரம் கொதித்ததும் ஒரு கை மக்காச்சோள மாவு. பிறகு கொஞ்சத்தைச் சின்னப் பானைக்கு மாற்றி, தனியே வேகவைத்த பயற்றைச் சேர்ப்பாள். அப்போது பானையிடம் குனிந்து ஏதோ முணுமுணுப்பாள். என்னவென்று கேட்டால் "வாழ்த்து" என்பாள்.

மதியம் கார்லண்டின் தம்பி ஹாலிஸ் வருவார். வேலி போடும் தொழில், தனிக்கட்டை, எட்டூருக்குக் கேட்கும் குரல். அண்ணன் மனைவியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏ ஓக்லஹோமா!" என்றுதான் வாசலிலிருந்தே கத்துவார். சாப்பிட உட்காருமுன் கரண்டியைத் தூக்கிப் பிடித்து வருஷாவருஷம் ஒரு சொற்பொழிவு: "கடவுள் சில்லியையும் படைச்சாரு, பயறையும் படைச்சாரு. நடுவுல எதுக்கு ஒரு ஆத்தை ஓடவிட்டாரு? யோசிங்கய்யா!" மேசை அதிரும். வைனெல் சிரித்துவிட்டுத் தன் கிண்ணத்தோடு மேசைக் கோடிக்குப் போய்விடுவாள். சிரிப்புதான், ஆனாலும் அந்தக் கோடி நாற்காலியில் அவள் முதுகு கொஞ்சம் விறைத்திருப்பதைப் பக்கத்தில் உட்காரும் நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வருஷம் வடகாற்றுக்கு இரண்டு வாரம் முன்னால் ஹாலிஸ் கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். மருத்துவமனையிலிருந்து போன். "நாய்ங்களுக்குத் தீனி போடு, ஓக்லஹோமா. பை வாசல்லயே இருக்கு. சமையக்கட்டுக்குள்ள போக வேணாம், குப்பையா கிடக்கும்."

நானும் கூடப் போனேன். வாசலில் பை காலி. மூன்று நாய்களும் எங்களை முறைத்தன. வேறு வழியில்லாமல் வைனெல் சமையலறை அலமாரியைத் திறந்தாள்.

உள்ளே தகர டப்பாக்கள், வரிசை வரிசையாக. எல்லாவற்றின் படமும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஒன்றை எடுத்துத் திருப்பினாள். "பயறு சேர்த்த சில்லி." அடுத்ததும் அதே. அதற்கடுத்ததும்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தமே வராத சிரிப்பு. கண்ணில் நீர் வழிய, நாய்கள் அதை நக்க, "இருபத்திரண்டு வருஷம்! இருபத்திரண்டு வருஷம்டி!" என்று என் முழங்காலில் குத்தினாள். கிளம்பும்போது ஒரு டப்பா அவள் கோட்டுப் பைக்குள் போனது.

"என்ன பண்ணப் போற?"

"சொற்பொழிவு முடியட்டும். மேசை நடுவுல வைக்கிறேன்."

சனிக்கிழமை வந்தது. வீடு நிறைய ஸ்ட்ரௌட்கள். ஹாலிஸ் கக்கத்தில் ஊன்றுகட்டைகளோடு வந்தார். சட்டைக் கழுத்து தொளதொளத்தது. வாசலில் கத்தவில்லை. நேராக அடுப்படிக்கு வந்து நின்றார்.

"நாய்ங்களுக்குப் போட்டியா?"

"போட்டேன்."

"வாசல்ல இருந்த பையிலேருந்துதானே?"

"அந்தப் பை காலி, ஹாலிஸ்."

அவர் காது இரண்டும் மிளகாய் விழுதின் நிறத்துக்கு வந்தன. கட்டையைத் தட்டித் தட்டிப் போய் உட்கார்ந்தார். வைனெல் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். டப்பா, துணி மடித்து வைக்கும் இழுப்பறையில் தயாராக இருந்தது.

"சித்தப்பா, சொற்பொழிவு!" என்று கார்லண்டின் பிள்ளைகள் மேசையைத் தட்டினார்கள். ஹாலிஸ் மேசையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் எழுந்தார். கரண்டி உயர்ந்தது. "கடவுள் சில்லியையும் படைச்சாரு..." குரல் பாதியில் நின்றது. பார்வை வைனெலின் கையில் இருந்தது. அவள் கை இழுப்பறைப் பிடியில்.

வைனெல் அவரைப் பார்த்தாள். உடைந்த கால், தொளதொளத்த சட்டை, அந்தரத்தில் நிற்கும் கரண்டி. பிடியிலிருந்து கையை எடுத்து ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

"ஒத்தக் கால்ல நின்னு என்னய்யா பிரசங்கம்? உக்காரு. ஆத்தப் பத்தி எல்லாருக்கும் தெரியும்."

மேசை வெடித்துச் சிரித்தது. அதில் ஹாலிஸ் உட்கார்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. மேசைக்கு முதுகு காட்டி அவள் ஒரு கிண்ணத்தை நிரப்பினாள்; கோடியில் இருந்த எனக்கு மட்டும் தெரிந்தது. பின் அடுப்பிலிருந்து இரண்டு கரண்டி. அதன்மேல் முன் அடுப்பிலிருந்து ஒன்று. அதற்கும்மேல், துருவிய சீஸ் ஒரு பெரிய கை.

ஹாலிஸ் கரண்டியை உள்ளே விட்டார். கரண்டி நின்றது. குனிந்து பார்த்தார். பிறகு தலை நிமிராமல் சாப்பிட்டார், வழித்து வழித்து, சோள ரொட்டியால் கிண்ணத்தைத் துடைத்து.

"எப்படி இருக்குன்னு சொல்லேன்டா" என்றார் கார்லண்ட்.

"இருக்கு" என்றார் ஹாலிஸ். தொண்டையைச் செருமிக்கொண்டு காலிக் கிண்ணத்தை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் போடேன், வைனெல்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வைனெல் கிண்ணத்தை மறுபடி நிரப்பி, சீஸ் தூவி, மேசைக்குக் கொண்டுவந்தாள். வைக்கப் போகும் நேரத்தில், விளிம்போரம் ஒரே ஒரு பயறு தலை நீட்டியது. யாரையும் பார்க்காமல், சுட்டுவிரல் நுனியால் அதை சீஸுக்கு அடியில் அழுத்திவிட்டுக் கிண்ணத்தை ஹாலிஸின் முன்னால் வைத்தாள்.