பறியைக் கடித்துக்கொண்டு கேட்டது

எனக்கு வாய் அதிகம். நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊர் சொல்லும். புருஷனிடம் அடி வாங்குகிற பெண்களுக்கும், எவனாவது விடாமல் பின்னால் சுற்றித் தொல்லை கொடுக்கிற பெண்களுக்கும் துணை நிற்கப் பயிற்சி தருகிறார்கள், ஊருக்கு ஒரு ஆள் வேண்டும் என்று மகளிர் குழுவில் கேட்டபோது எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். சண்டை போட ஆள் தேடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் போனேன்.

பயிற்சி பழவேற்காட்டில், ஒரு சமுதாயக் கூடத்தில் நடந்தது. மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. சென்னையிலிருந்து வந்த மேடம் சொன்ன ஒவ்வொன்றும் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆலோசனை சொல்லாதீர்கள். ஏன் இத்தனை நாள் பொறுத்தாய் என்று கேட்காதீர்கள். அவள் சொல்வதை நம்புங்கள், முழுதாகக் கேளுங்கள், என்ன வேண்டும் என்று அவளையே கேளுங்கள். அவனை நீங்களாகப் போய் மிரட்டாதீர்கள், கோபத்தை அவள் மேல்தான் காட்டுவான். இதற்கு நான் எதற்கு, ஒரு தூணைக் கூட்டிவந்து உட்கார வைத்தால் போதுமே என்று தோன்றியது.

பிறகு நடித்துப் பார்க்கச் சொன்னார்கள். என் பக்கத்தில் இருந்தவள் பழவேற்காட்டில் தையல் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெண். அவள் அடி வாங்கிய மனைவி, நான் துணை நிற்பவள். அவள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்து, “நேத்து அவரு” என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான். இல்லாத புருஷனின் காலை ஒடிப்பதாகச் சொல்லி, இல்லாத பிள்ளைகளை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பி, அவளையும் ஆரம்பாக்கத்தில் பஸ் ஏற்றிவிட்டேன். அவள் இன்னும் முதல் வாக்கியத்தையே முடிக்கவில்லை.

மேடம் சிரிப்பை அடக்கப் பாடுபட்டார். தையல்காரி பாடுபடவில்லை.

“மேடம், இந்தக்கா ஏரியில கையால இறால் புடிக்கிறவங்க. வாயில ஒரு பறியைக் குடுங்க, தானா அடங்கிடுவாங்க.”

கூடமே சிரித்தது. பறி என்பது பனையோலையில் முடைந்த சின்னக் கூடை. நாங்கள் தண்ணீரில் குந்தியபடி நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்போம். கை இரண்டும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வோம். வாயைத் திறந்தால் பறி விழும், பிடித்த இறாலெல்லாம் ஏரிக்கே திரும்பிவிடும். நான் பேசாமல் இருப்பது அந்த நேரத்தில் மட்டும்தான். அது அவளுக்கு எப்படித்தான் தெரிந்ததோ, சனியன்.

பயிற்சி முடிந்து வந்து குழுக் கட்டடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒருத்தியும் வரவில்லை. அந்த வாசலை மிதித்தால் எதற்கு வந்தாள் என்று தெருவே பேசும், எவள் வருவாள்? தையல்காரி போன் போட்டு, “இன்னாக்கா, போணி ஆச்சா?” என்று விசாரித்தாள். போனை வைத்துவிட்டேன்.

வந்தவள் ஏரிக்குள்தான் வந்தாள். எங்களோடு இறால் பிடிக்கிற சின்னப் பெண். புருஷனின் அடி தாங்காமல் பிறந்த வீட்டுக்கே, நைனாவிடம் திரும்பியிருந்தாள். அவன் தினமும் கரையில் பைக்கை நிறுத்திவிட்டு நிற்பான். பொண்டாட்டி மேல் உயிரையே வைத்திருக்கிறான் என்று கூட வருகிறவர்கள் அவளைக் கேலி செய்வார்கள். ஒரு நாள் காலை அவள் என் பக்கத்தில் நகர்ந்து வந்தாள். தன் பறியை வாயிலிருந்து எடுத்து முழங்கையில் மாட்டிக்கொண்டு, சேற்றைத் துழாவுவது போலவே குனிந்தபடி பேச ஆரம்பித்தாள். கரையிலிருந்து பார்த்தால் இரண்டு பேர் இறால் பிடிக்கிறார்கள், அவ்வளவுதான். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

புதுப் புது நம்பரிலிருந்து போன் செய்கிறான், அவள் எந்தப் பஸ்ஸில் போனாலும் இறங்குகிற இடத்தில் நிற்கிறான், இதே ஏரியில் அமுக்கிவிடுவேன் என்று செய்தி அனுப்புகிறான் என்றாள். எனக்குப் பறியைத் துப்பிவிட்டுக் கரைக்கு ஓடி அவன் பைக்கைத் தண்ணீரில் தள்ள வேண்டும் போலிருந்தது. பறி நிறைய இறால். உண்மையைச் சொல்கிறேன், என் வாயை முதலில் அடைத்தது பயிற்சி இல்லை, இறால்தான்.

அவள் நடுவில் நிறுத்தினாள். நான் பேசக்கூடிய நிலையில் இருந்திருந்தால் அந்த இடத்தில் புகுந்திருப்பேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே தொடர்ந்தாள். விஷயம் நைனாவுக்குத் தெரிந்தால் அவளைச் சுண்ணாம்புக்குளத்தில் அத்தை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார், ஏரி வேலை போய்விடும், அந்தப் பயம்தான் பெரிதாக இருக்கிறது என்றாள்.

அப்புறம்தான் பறியை எடுத்தேன். “உனக்கு இன்னா வேணும்னு நீ சொல்லு.”

“நான் எங்கியும் போ மாட்டேன்க்கா. ஏரிக்கு வரணும். அவன் கரையில நிக்கக் கூடாது. அவ்ளோதான்.”

ஆரம்பாக்கம் பஸ் என் நுனிநாக்கில் இருந்தது. விழுங்கினேன். அவன் அனுப்பியதில் எதையும் அழிக்காதே என்று மட்டும் சொன்னேன். போலீசுக்குப் போகலாமா என்று அவள்தான் கேட்டாள். போனோம்.

மகளிர் காவல் நிலையத்தில் இருந்த போலீஸ் அம்மா அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, “இன்னாமா நடந்துச்சு, நீயே சொல்லு” என்றார். கரும்புத் தோட்டத்தில் யானையை அவிழ்த்துவிட்ட மாதிரி. எனக்கு எல்லாம் தெரியும், அவளைவிட நன்றாகவும் சொல்வேன். “அவளே சொல்லுவா மேடம்” என்று சொல்லிவிட்டு, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு மேசையைப் பார்த்தேன். அவள் போனை எடுத்து மேசையில் வைத்து, தொடக்கத்திலிருந்து சொன்னாள். இந்த முறை நடுவில் நிறுத்தவில்லை. புகாரை எடுத்துக்கொண்டார்கள். அவனைக் கூப்பிட்டு, இனி அவள் பின்னால் வரமாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள்.

ஸ்டேஷனில் என்ன பேசினாய் என்று தையல்காரி கேட்டாள். ஒன்றுமே பேசவில்லை என்றேன். கையோடு பறியைக் கொண்டுபோயிருப்பேன் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

அவன் இப்போது கரைக்கு வருவதில்லை. திருந்திவிட்டான் என்று யாராவது என்னிடம் சொன்னால் நல்லதாக நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். தண்ணீரில் இறங்கும்போது அவள் முதலில் கரையைப் பார்க்கிறாள். நானும் பார்க்கிறேன். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் இரண்டு பேரும் பறியை வாயில் வைக்கிறோம்.