ஹரிக்கேனுக்கு நான் போட்ட மார்க்

இது ராத்திரியில் நடந்ததில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு, மே மாத வெயிலில், அம்பத்தூர் மேனாம்பேட்டில் ஒரு வீட்டு மாடியில் நடந்தது. நான் கூடவே இருந்தேன். நிமிஷம் தவறாமல் நேரத்தை என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். அந்தத் தாள்கள் இன்னும் பீரோவில் இருக்கின்றன. நம்ப மாட்டேன் என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. அதற்குத் தெம்பும் இல்லை.

என் பெயர் மைதிலி. விமானப் பொறியியல் படித்தவள். போன வருஷம் ஏப்ரலில் பூந்தமல்லி கோர்ட்டில் எனக்கு விவாகரத்து ஆனது. அன்றைக்கு அழுகை வரவில்லை. அப்புறமும் வரவில்லை. இரண்டு பெட்டியோடு ஆவடி குவாட்டர்ஸுக்கு, அப்பாவிடம் திரும்பி வந்தேன். சாம்பாரில் உப்பு இல்லை என்று அப்பா சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். அப்படியொரு நிலைமை.

அந்தச் சமயத்தில்தான் இந்த வேலை கிடைத்தது. கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் இருக்கிறதல்லவா? அதற்குப் பழைய போர் விமானங்களைச் செய்து விற்கிற சின்னக் கம்பெனி. மொத்தமே மூன்று பேர். வெங்கட் முதலாளி. விமானம் எப்படிப் பறக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் எழுதுகிறவன் இளங்கோ. மேனாம்பேட்டுக்காரன், முப்பத்திரண்டு வயது, மனைவி ஷோபனா ஏழு மாதம். அவன் எழுதியதை நான் ஓட்டிப் பார்த்து, நிஜ விமானம் மாதிரியே இருக்கிறதா என்று நூற்றுக்கு மார்க் போட வேண்டும்.

மாடி அறையில் ஒரு இரும்பு நாற்காலி. எதிரில் மூன்று திரைகள். காலுக்கு இரண்டு பெடல், கைக்கு ஒரு ஸ்டிக். அந்தக் காலத்துப் பைலட்டுகளுக்குக் கொடுத்த கையேட்டின் நகலை மடியில் வைத்துக்கொள்வேன். அதில் இருப்பதும் திரையில் நடப்பதும் ஒத்துப்போனால் மார்க். இல்லையென்றால் வெட்டு.

மே 14, செவ்வாய். அன்றைக்கு ஹரிக்கேன். இரண்டாம் உலகப் போர் விமானம்.

மணி 3:08. திரையில் மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பினேன். ஓடும்போது மூக்கு இடப்பக்கம் இழுத்தது. சரி. சக்கரத்தை மடக்கும் நெம்புகோல் வலப்பக்கம் இருப்பதால், ஸ்டிக்கை இடது கைக்கு மாற்ற வேண்டியிருந்தது. அதுவும் சரி. பூந்தமல்லிக்கு மேலே மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினேன். எஞ்சின் ஒரு நொடி இருமியது. ரொம்பச் சரி.

3:19. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கியது. நூறு. நூற்றுப்பத்து. நூற்றிருபது. முன்கண்ணாடியில் வெள்ளையாக ஆவி படிந்தது. நான் எதையும் தப்பாகச் செய்யவில்லை. நிறுத்திவிட்டு 81 போட்டேன்.

“இளங்கோ, காரணமே இல்லாம சூடாவுது. ரேடியேட்டர்ல ஓட்டை விழுந்த மாதிரி.”

“இன்னாக்கா சொல்ற? அந்த மாதிரி கோளாறு எதுவும் நான் எழுதவே இல்லியே.”

தேடிப் பார்த்தான். இல்லைதான்.

மறுநாள் புதன். சாப்பாடு முடிந்து, கரண்ட் போய் வந்து, நான் உட்காரும்போது மறுபடியும் 3:08. வேண்டுமென்று செய்யவில்லை. 3:19க்கு முள் ஏறியது. இந்தத் தடவை நிறுத்தாமல் விட்டேன். என்னதான் ஆகிறது, பார்ப்போமே என்றிருந்தது.

விமானம் இறங்கிக்கொண்டே போனது. கீழே பட்டாபிராம். மிலிட்டரி சைடிங் தண்டவாளம் பிரிந்து போவது தெரிந்தது. அதைத் தாண்டிப் புது வீடுகள் வரிசையாக இருக்க வேண்டும். நான் வளர்ந்த பக்கம், எனக்குத் தெரியாதா? திரையில் வீடுகள் இல்லை.

தண்ணீர் இருந்தது.

போன வருஷத்துச் சாட்டிலைட் படத்தை வைத்துச் செய்த தரை அது. அங்கே எப்படித் தண்ணீர் வரும்?

அப்போது ஒரு வாடை... இருமல் மருந்தைச் சுட வைத்த மாதிரி, தித்திப்பாக. எஞ்சினைக் குளிர வைக்கும் திரவம் கசிந்தால் இப்படித்தான் மணக்கும் என்று படித்திருக்கிறேன். சிமுலேட்டரில் வாடை வராது.

பாதம் மரத்துப்போனது. பிறகு கணுக்கால். பிறகு முழங்கால். வலது பெடல் தானாக உள்ளே போனது. அது வெறும் ஸ்பிரிங் வைத்த பெடல், மோட்டார் கிடையாது. ஹெட்போனில் யாரோ மூச்சு விடுகிற சத்தம். என் மூச்சை அடக்கிப் பார்த்தேன்...

அது நிற்கவில்லை.

3:22. தண்ணீருக்கு நானூறு அடி மேலே நிறுத்தினேன். ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். எனக்குப் பயம்கூட வரவில்லை. தாளை எடுத்து 96 என்று எழுதினேன். பக்கத்தில், ‘வாடைகூட வருகிறது’ என்று ஒரு குறிப்பு. பையை மாட்டிக்கொண்டு ரயிலைப் பிடிக்கப் போய்விட்டேன்.

இளங்கோவிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

வியாழக்கிழமை. வெங்கட் நசரத்பேட்டைக்குப் போயிருந்தார். தாளைப் பார்த்துவிட்டு இளங்கோ சிரித்தான்.

“வாடையா? நானே ஓட்டிப் பாக்குறேங்க்கா. நீ நேரம் எழுது.”

“வேணாம் இளங்கோ.”

“இன்னாத்துக்கு வேணாம்?”

அவன் உட்கார்ந்துவிட்டான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 3:08.

3:19. முள் ஏறியது. “அட, ஆமாங்க்கா,” என்றான்.

3:20. “இன்னா நாத்தம் இது?”

3:21. பேச்சு நின்றது.

“இளங்கோ, போதும். நிறுத்து.”

“கால் வரலக்கா...”

அவன் கைகள் ஸ்டிக்கை விட்டன. நெஞ்சில் எதையோ அவிழ்க்கப் பார்த்தன. பெல்ட்டை அவிழ்ப்பது போல. அந்த நாற்காலிக்குப் பெல்ட்டே கிடையாது.

திரையில் தண்ணீர் எழுந்து வந்தது.

3:22. தொம்... என்று ஒரு சத்தம். ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. தரை அதிர்ந்தது. மூன்று திரையும் பழுப்புப் பச்சையாகின.

இளங்கோ இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தள்ளினான். கைகள் பாதியிலேயே நின்றன. வெறும் காற்றில். உள்ளங்கைகள் தட்டையாக அழுந்தி வெளுத்தன. கண்ணாடியில் அழுத்தினால் வெளுக்குமே... அப்படி.

தொண்டையில் களக் களக் என்றது.

சட்டையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை.

அவன் தலைக்கு மேலே கையை நீட்டினேன்.

சில்லென்று பட்டது.

கண்ணாடி.

எதுவும் இல்லாத இடத்தில்... கண்ணாடி.

எத்தனை நொடி அப்படியே நின்றேனோ தெரியாது. அப்புறம் கையேடு நினைவுக்கு வந்தது. ஹரிக்கேனின் கண்ணாடிக் கூண்டு மேலே திறக்காது. பின்னால் நகரும்.

இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் இழுத்தேன்.

க்ரீ...ச்.

எதுவோ நகர்ந்தது. இளங்கோ பொத்தென்று தரையில் விழுந்தான். திரும்பிப் பார்த்தால் திரையில் மீனம்பாக்கம் ஓடுபாதை. விமானம் கிளம்பத் தயாராக நின்றுகொண்டிருந்தது. மணி 3:24.

கீழ்வீட்டுக்காரர்கள் உதவியோடு ஆட்டோவில் போட்டு, பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் வாந்தி எடுத்தான். சேறும் தண்ணியுமாக. அவன் சட்டை காய்ந்தே இருந்தது. தலைமுடிகூட நனையவில்லை.

எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர் வெளியே வந்தார். “நுரையீரல் பூரா தண்ணி. எந்த ஏரியில விழுந்தாரு?”

ஷோபனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். “ஆபீஸ்லதானேக்கா இருந்தாரு? சொல்லுங்கக்கா.”

அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தேன்.

இளங்கோ பிழைத்துக்கொண்டான். காலில் உணர்ச்சி வர ஒன்பது நாள் ஆனது. இப்போது பெண் குழந்தைக்கு அப்பா. கம்ப்யூட்டர் பக்கமே போவதில்லை, மச்சானோடு சேர்ந்து டைல்ஸ் கடை பார்க்கிறான். வெங்கட் அந்த விமானத்தை விற்பனைக்கு விடாமல் அழித்துவிட்டார். எனக்கு இரண்டு உள்ளங்கையும் இன்றுவரை மரத்தே கிடக்கின்றன. சூடான டம்ளரைப் பிடித்தாலும் தெரியாது. டாக்டர்கள் நரம்பு என்கிறார்கள்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டாபிராமுக்குப் போனேன். சைடிங்கைத் தாண்டி அந்த வீட்டு வரிசை அப்படியே இருந்தது. தெருமுனையில் ஒரு மாவுக்கடை. நடத்துகிற அம்மா பேர் லோகநாயகி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அந்த ஊர்ப் பழைய விவசாயக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவர்.

“இங்க முன்னாடி தண்ணி ஏதாவது இருந்துதாம்மா?”

“தாங்கல் இருந்துச்சி, சின்ன ஏரி. அத்த தூர்த்துத்தான் பிளாட்டு போட்டாங்க. இன்னாத்துக்குக் கேக்குற?”

“சும்மாதாம்மா. பழைய பிளேன் பத்தின வேலை என்னோடது.”

“அப்போ தெரிஞ்சிகினுதான் வந்துகீற.” மாவு அள்ளிய கையை நிறுத்தினார். “சண்டை நடந்த காலத்துல ஒரு பிளேன் இதுலதான் வந்து உழுந்துச்சாம். எங்க மாமனாரு அப்போ சின்னப் புள்ள. கரையில நின்னு பாத்துகினு இருந்தாராம். மூக்கு சேத்துல பூந்துச்சாம். மாடு கட்டி இழுத்தும் வரல. மறுநாள் மிலிட்டரி வந்து கண்ணாடிய ஒடச்சி, ரெண்டு பொணத்த எடுத்தாங்களாம்.”

“ரெண்டு இருக்காதும்மா. அந்த பிளேன்ல ஒரே ஆளுக்குத்தான் இடம். இன்னொருத்தர் ஒடுங்கிக்கூட உட்கார முடியாது.”

“அது இன்னாவோ எனக்குத் தெரியாது. சாவுற வரைக்கும் மாமனாரு ரெண்டுன்னுதான் சொல்லிகினு இருந்தாரு. ஒண்ணு வெள்ளக்காரன். அவன அவங்க தூக்கினு போய்ட்டாங்க. இன்னொண்ண எங்களுக்கு வோணாம்னு கரையிலயே போட்டுட்டுப் போய்ட்டாங்க. ஊர்க்காரங்கதான் பொதச்சாங்க.”

“யார் அது?”

“பொம்பள. நம்ம ஊர் மூஞ்சிதான்னுவாரு. சுத்துப்பட்டு ஊர் பூராவும் ஆள உட்டு விசாரிச்சாங்களாம்.” எடை போட்ட மாவைப் பையில் கொட்டி என்னிடம் நீட்டினார். “எந்த ஊட்லயும் பொம்பள காணாம போகல. இன்னி வரைக்கும்.”