கற்பூரத்தில் அடித்தவர்கள்

நகரசபையான கொம்யூனில் இருந்து கடிதம் வந்த நாளில் எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. டெனிஷ் பரீட்சையில் இரண்டு தடவை குப்புற விழுந்து மூன்றாம் தடவை எழும்பியவள் நான். குடியுரிமைக்கு இனி ஒரு சடங்குதான் மிச்சம். நானும் கணவரும் கொம்யூன் மண்டபத்துக்குப் போய், இந்த நாட்டின் சட்டத்துக்கு அமைந்து நடப்போம் என்ற தாளில் கையெழுத்து வைத்து, மேயருக்குக் கை கொடுக்க வேண்டும். வெறும் கையாக இருக்க வேண்டுமாம், கையுறை கூடாதாம்.

சடங்குக்கு முதல் நாள் பின்னேரம், முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்து, குசினியில் சேலையை அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். அவர் மேசையில் தேத்தண்ணியோடு இருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"ஒரு கையெழுத்து, ஒரு கைகுலுக்கல். பாவங்கள், இதை நம்புறாங்கள்," என்றேன். "எங்கடை ஊரிலை எண்டால் கற்பூரம் கொளுத்தியிருப்பாங்கள். அந்த யோசனையைச் சொல்லிக் குடுத்த நாசமறுப்பான் இப்ப எங்கை கிடந்து அழுந்துறானோ."

இது நான் வழக்கமாகச் சொல்வதுதான். எனக்குப் பதினொரு வயதில் இராணுவம் எங்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்தது. முதலில், விசுவாசமாக இருப்போம் என்று தாளில் கையெழுத்து வாங்குவார்கள். சனமும் வைத்துவிட்டுத் தன்பாட்டில் போய்விடும். ஒரு நாள் வளர்ந்தவர்கள் எல்லோரையும் கோயில் வீதிக்கு வரச் சொன்னார்கள். அன்று தாள் இல்லை. எரிகிற கற்பூரத்தில் உள்ளங்கையால் அடித்து, எங்கள் வீட்டில் ஒருவரும் இயக்கத்தில் இல்லை, உங்களுக்கு விசுவாசமாக இருப்போம் என்று ஒவ்வொருவராகச் சத்தியம் செய்ய வேண்டும். காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்த நான் எதையும் காணவில்லை. அப்பா மட்டும் அடிக்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். அண்ணன் அப்போது இயக்கத்துக்குப் போயிருந்தான். "என்ரை பிள்ளையை இல்லையெண்டு கற்பூரத்திலை அடிக்க மாட்டன்," என்றாராம். அவரை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவே இல்லை.

தாளில் பொய் சொல்பவர்கள் கற்பூரத்தில் பொய் சொல்லத் தயங்குவார்கள் என்பது இராணுவத்துக்கு எப்படித் தெரியும்? எங்களுடைய ஆள் ஒருவன்தான் சொல்லியிருக்க வேண்டும். அவனையும், வாய் கூசாமல் பொய்ச் சத்தியம் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ற சனத்தையும் நான் திட்டாத நாளில்லை.

கணவர் கோப்பையை மேசையில் வைத்தார். "அது நான்தான்," என்றார்.

எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "எது?" என்றேன்.

"கற்பூர யோசனை. நான்தான் சொன்னனான். நாளைக்குக் கையெழுத்து வைக்க முதல் உமக்குச் சொல்லிப்போடவேணும் எண்டு இருந்தன்."

அவர் எழும்பி வந்து அயன் பெட்டியின் ஸ்விட்சை நிற்பாட்டினார்.

அவர் பக்கத்து ஊர்க்காரர். அந்த இராணுவத்தின் மொழி தெரியும் என்பதற்காக முகாமில் மறித்து வைத்து மொழிபெயர்க்க வைத்தார்களாம். அந்த நாள்களில் கொழும்பில் நின்றதாகத்தான் என்னிடம் சொல்லியிருந்தார்.

"கையெழுத்து வைச்சவங்களே கண்ணிவெடியும் வைக்கிறாங்கள், ஊரிலை ஒருத்தரையும் விடாமல் அள்ளப்போறன் எண்டு அதிகாரி நிண்டவன். என்ன செய்யிறது? எங்கடை ஆக்களுக்குத் தாள் பெரிசில்லை, கற்பூரம்தான் பெரிசு எண்டு வாயிலை வந்ததைச் சொன்னன். எல்லாரும் அடிச்சுப்போட்டு உயிரோடை வீட்டை போகட்டும் எண்டு நினைச்சன். ஒருத்தர் மாட்டன் எண்டுவார் எண்டு நான் கனவிலும் நினைக்கேல்லை."

இருபத்தெட்டு வருடம் இதே மேசையில் அவர் முகத்துக்கு நேரே அவரைச் சபித்திருக்கிறேன். அவன் புழுத்துச் சாவான் என்று நான் சொல்ல, ஓம் என்று சொல்லிக்கொண்டு பருப்புக் கறியை என் பக்கம் நகர்த்தியிருக்கிறார். என்னைத்தான் வேண்டும் என்று டென்மார்க்கில் இருந்து கேட்டு வந்த சம்பந்தம் இது. என் வடிவில் மயங்கிவிட்டார் என்று எத்தனை பேரிடம் அளந்திருப்பேன்!

"அப்ப என்னைக் கட்டினது பரிகாரமோ?"

"தொடக்கத்திலை ஓம்," என்றார். "பிறகு இல்லை."

அந்த முதல் சொல்லுக்குப் பிறகு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "நாளைக்கு நீங்கள் தனியப் போங்கோ. இனி உங்களோடை எனக்கு ஒரு சீவியமும் இல்லை," என்றுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

விடிந்ததும் ஊரில் இருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினேன்.

"எனக்குத் தெரியும், பிள்ளை," என்றா. "வெளிநாட்டுக்கு வெளிக்கிட முதல் என்னட்டை வந்து சொன்னவர்."

"தெரிஞ்சுகொண்டோ என்னைக் குடுத்தனீங்கள்?" என்று கத்தினேன்.

"கத்தாதை. அந்தாள் அதைச் சொல்லியிராட்டில் நீயும் இல்லை, நானும் இல்லை. உன்ரை அப்பாவை இழுத்துக்கொண்டு போன உடனை, அடுத்ததாய் நிண்டது நான்."

வீதிக்குக் கூப்பிட்டாலும் பெண்களை அடிக்கச் சொல்லவில்லை என்றே நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

"நீ காய்ச்சலோடை தனியக் கிடந்தனி. நானும் போனால் உன்னை ஆர் பாக்கிறது? நான் அப்பாவின்ரை மனிசி எண்டு அதிகாரிக்குத் தெரியாது, எத்தினை பிள்ளையள் எண்டு கேட்டான். எனக்கு ஒரு பிள்ளைதான், பொம்பிளைப்பிள்ளை எண்டு சொல்லி அடிச்சனான்."

அன்று பின்னேரம் எனக்குக் கஞ்சி பருக்கியது அந்தக் கைதான். அண்ணன் அந்த மாரிமழைக் காலத்திலேயே செத்துப்போனான்.

"ஒரு பிள்ளைதான் எண்டு சொன்னன்," என்றா அம்மா மறுபடியும். "அப்பிடியே ஆச்சு."

போனை வைத்துவிட்டு முகத்தைக் கழுவினேன். வெளியே வந்தபோது அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்கப் பயந்து, கதவடியில் நின்றார்.

"நில்லுங்கோ, நானும் வாறன்," என்றேன்.

அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். அவர்மேல் கோபப்பட்டுக்கொண்டு நிற்க எனக்கு ஓர் இடம் இருந்தது, அந்த இடம் காலடியில் இருந்து போய்விட்டது. அவ்வளவுதான்.

அல்பர்ட்ஸ்லுண்ட் கொம்யூனுக்கு நடந்தே போனோம். பாதி வழியில், "அம்மாவோடை கதைச்சனீரோ? என்ன சொன்னவ?" என்று கேட்டார். அப்பா ஒருவரையே இத்தனை வருடம் சுமந்த மனிதர். அம்மா அண்ணனுக்காகச் சுமப்பதையும் சொன்னால், அதையும் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்வார்.

"நீங்கள் அப்பவே வந்து சொன்னதைச் சொன்னவ, வேறை ஒண்டும் இல்லை," என்றேன். பிறகு உள்ளே போய், அவருக்குப் பக்கத்தில் நின்று கையெழுத்து வைத்தேன்.